குழாயிலிருந்து குப்பைக் கோடு வரை

ஜூன் 8, ஞாயிறு

ஐஸ் கம்பெனியில் பாதி எழுதிப் போட்டிருந்த பழைய லாக் புத்தகம் ஒன்றை மானேஜரிடம் கேட்டு வாங்கி வந்தேன். பக்கத்துக்கு மூன்று கட்டம். நேரம், வெப்பநிலை, கையொப்பம். வெப்பநிலை என்று இருப்பதை அடித்துவிட்டு ‘அடி’ என்று எழுதிக்கொண்டேன். இன்றிலிருந்து நான் விஞ்ஞானியின் உதவியாள். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் பாஸ் செய்தவனுக்கு இது பெரிய பதவி உயர்வுதான்.

விஞ்ஞானி என் மகள் ஷெர்லின். சென்னையில் பி.எஸ்சி. ஜியாலஜி மூன்றாம் வருஷம். கடைசி வருஷப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஆராய்ச்சி செய்து நவம்பரில் கொடுக்க வேண்டுமாம். ஒருத்தி ஆற்று மணலைச் சலிக்கிறாள், ஒருவன் கிணற்றுத் தண்ணீரில் உப்பு பார்க்கிறான். இவள் எங்கள் மரியன்துறையில் கடல் எவ்வளவு கரையைத் தின்கிறது என்று அளக்கப் போகிறாள். அதாவது, அவள் சென்னையில் இருப்பாள், நான் அளப்பேன்.

காலையில் கல்லறைத் தோட்டத்தில் கடல் பக்கத்து முன் வரிசைக்குப் போனோம். பதினொரு கல்லறை. நடுவில் ரெஜினாள், என் வீட்டுக்காரி. மஞ்சள்காமாலையில் போய் நாலு வருஷம். அவள் குரிசுக்கு, அதாவது கல்லறைச் சிலுவைக்கு, நேராக, கடலைப் பார்த்து இருபத்தைந்து அடி தள்ளி ஒரு இரும்புக் குழாயை நட்டோம். அந்தக் குழாயிலிருந்து, அலை கடைசியாகக் கொண்டு போட்ட குப்பைக் கோடு வரை டேப்பைப் பிடித்து ஞாயிறுதோறும் அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“குழாய்தாம்ப்பா முக்கியம். அது போச்சுன்னா எல்லாம் போச்சு, கேட்டியளா?”

“போகாது மக்ளே.”

“காத்து, மழை, அன்னைக்கு நடந்தது எல்லாத்தையும் எழுதுங்க. எது பொறவு தேவைப்படும்னு இப்பம் தெரியாது. தப்பா எழுதினா அழிக்கக் கூடாது. மேல ஒரு கோடு போட்டுட்டுப் பக்கத்துல எழுதணும். அழிச்சா அந்த நோட்டுக்கு மரியாதை கெடையாது.”

இருபத்தாறு வருஷமாக கம்ப்ரஸர் ரீடிங் எழுதுகிறவனுக்கே பாடம். மூன்று மணி ரீடிங்கை நாங்கள் மத்தியானம் சாப்பிடப் போகும் முன்பே எழுதிவிடுவோம் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இன்று 40 அடி. கையெழுத்தும் போட்டேன். சாயங்கால ரயிலுக்கு அவளை ஏற்றிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

37 அடி. மழை. போட்டோ எடுத்து அனுப்பினேன். “அப்பா, டேப்பு தெரியல்ல, ஒங்க பெருவிரல்தான் தெரியுது” என்று பதில். மறுபடி எடுத்தேன். இந்த முறை கால் பெருவிரல்.

அளந்ததும் ரெஜினாளிடம் போய்ச் சொன்னேன், “முப்பத்தேழு” என்று. அவள் திருவட்டார்க்காரி. மலையோரத்துப் பெண். கட்டிக் கொண்டுவந்த நாளிலிருந்து கடலைக் கண்டால் பயம். இருபது வருஷத்தில் ஒரு நாள் காலை நனைத்ததில்லை. மீன் மட்டும் தின்பாள். “கடலுக்குள்ளதுதானே இது” என்று கேட்டால், “இது சட்டிக்குள்ளது” என்பாள்.

அவளை முன் வரிசையில் வைத்தது நான். பின் வரிசையிலும் இடம் இருந்தது. அவளுக்குப் புழுக்கம் ஆகாது, ஃபேனுக்கு அடியிலேயே கிடப்பாள், இங்கே என்றால் காற்று வருமே என்று நினைத்தேன். பெட்டியை இறக்கும்போது மனசுக்குள் ஒரு வார்த்தையும் கொடுத்தேன். கடல் ஒனக்க கிட்ட வராது, நான் பாத்துக்கிடுதேன் என்று.

இதை ஏன் இங்கே எழுதினேன்? அழிக்கக் கூடாதாமே. கிடக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

33. தேங்காய் விலை ஏறிவிட்டது. குழம்புக்குப் பாதித் தேங்காய்தான்.

ஜூன் 29, ஞாயிறு

27. தென்மேற்குக் காற்று. கம்பெனியில் ஐஸ் வாங்க ஆளில்லை, வள்ளமெல்லாம் கரையில் கிடக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

20 அடி. ஷெர்லினிடம் சொன்னேன். “மழைக்காலத்துல குறையும்ப்பா, பொறவு மண்ணு திரும்ப வரும்” என்றாள். ரெஜினாளிடம் போய், “இருபது, பொறவு திரும்ப வருமாம்” என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து போனால் குழாய்க்கு அடியில் மண் அரித்து, குழாய் சாராயம் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிறது. இன்னும் ஒரு பெரிய அலை வந்தால் போய்விடும். குழாய் போச்சுன்னா எல்லாம் போச்சு என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதனால் பிடுங்கி, டேப்பு வைத்து சரியாகப் பத்து அடி பின்னால், ரெஜினாளின் பக்கமாகக் கொண்டுபோய் ஆழமாக நட்டேன். இப்போது அசைத்தாலும் அசையாது.

பிடுங்கும் முன் அளந்தது 11. நட்ட பிறகு அளந்தது 21. மேலே கோடு போட்டுவிட்டு 21 என்று எழுதி அனுப்பினேன். போன வாரம் 20 அல்லவா, ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது.

“அப்பா! நின்னுட்டுது!” என்று போனிலேயே துள்ளினாள். குழாயை மாற்றியதைச் சொல்ல வாயெடுத்தேன். ஹாஸ்டலில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

20. நெத்திலி கிடைத்தது.

ஜூலை 27, ஞாயிறு

16. மழை. ஷெர்லின் கேட்டாள், “போட்டோவில குழாய் குரிசுகிட்ட நிக்கிற மாதிரி இருக்கே?” நான் நின்ற கோணம் அப்படி என்றேன். டேப்பை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை விரல் விழவில்லை. நன்றாகத் தேறிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

10 அடிதான் இருந்தது. குழாய் சாயவில்லை. ஆனாலும் முன்ஜாக்கிரதையாக எட்டு அடி பின்னால் நட்டேன். குழாயின் பாதுகாப்புக்குத்தான். 18.

ரெஜினாளிடம், “பதினெட்டு” என்றேன். பத்து என்று சொல்ல நாக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

17. இன்று பூசைக்குப் பிறகு பங்குக் கூட்டம். பங்குத்தந்தை ஃபாதர் ஹிலேரியன் நேராக விஷயத்துக்கு வந்தார். முன் வரிசைப் பதினொரு கல்லறையையும் தோண்டிப் பின்னால் மாற்ற வேண்டும். பதினைந்தாம் தேதி மாதா திருநாளுக்கு முன்பே செய்வதா, மழை ஓய்ந்து செப்டம்பரில் செய்வதா? பதினொரு வீட்டுக்காரரும் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாலு வருஷம் ஆன பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? எனக்கில்லை.

“கிளீட்டஸ், உம்ம மக அளந்துகிட்டு இருக்காளே, அவ என்ன சொல்லுதா?” என்று ஃபாதர் கேட்டார். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கோயிலுக்குள் என் மகள் குரல், பிரசங்கம் மாதிரி.

“ஃபாதர், ஒரு மாசமா பெரிய மாத்தம் இல்ல. இப்பம் பதினேழு. குழாயில இருந்து குரிசு இருபத்தஞ்சு. ஆக நாப்பத்திரெண்டு அடி இருக்கு. செப்டம்பர் வரைக்கும் தாங்கும்னுதான் நெனைக்கேன்.”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. கோயில்பிள்ளை மிக்கேல் மட்டும், கல்லறைத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்குகிறவன், தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்க கண்ணுக்கு நாப்பது அடி தெரியல்லியே” என்றான்.

“ஒனக்க கண்ணுக்குக் கண்ணாடி போடு வே, படிச்ச பிள்ளை சொல்லுது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். செப்டம்பர் என்று முடிவாயிற்று. முதலில் கை தூக்கியது நான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

15. திருநாளுக்கு ஷெர்லின் வரவில்லை. வகுப்போடு அரியலூருக்குப் போயிருக்கிறாள், கல்லாகிப்போன சிப்பி பொறுக்க. அந்தக் காலத்தில் அங்கேயெல்லாம் கடலாம். “அங்க இருந்த கடல் எங்க போச்சு மக்ளே?” என்றேன். “நம்ம ஊருக்கு வந்துட்டு இருக்குப்பா” என்று சிரித்தாள்.

இன்னொன்றும் சொன்னாள். எல்லா ஊரிலும் கடல் தின்கிறபோது நம் துறையில் மட்டும் ஏன் நின்றது என்று அவளுடைய சார் ஆச்சரியப்படுகிறாராம். அடியில் பாறை இருக்கலாம் என்று ஒரு அத்தியாயமே எழுதச் சொல்லியிருக்கிறார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“அப்பிடியா மக்ளே” என்றேன். பாறை இருந்தாலும் இருக்கும். யார் கண்டது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அளவு எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

குழாய் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றுதான் ஒரு வரிக்கு மேல் எழுத முடிகிறது.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே அலை சரியில்லை. காற்றே இல்லாமல் கடல் மட்டும் எழும்பி எழும்பி வந்தது. ஞாயிறு காலையில் பூசை நடக்கும்போதே மிக்கேல் ஓடிவந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன் வரிசையில் மூன்று குரிசு போயிருந்தது. மண் விளிம்பு, கேக்கை வெட்டுவது போல, பெரிது பெரிதாகப் பெயர்ந்து விழுந்தது. மணல் மூட்டை போட்டோம். நாற்பது பேர் கையால் அள்ளிப் போட்டோம். ரெஜினாளின் குரிசு மத்தியானம் ஒரு மணிக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாத்துக்கிடுதேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் பதினொன்றும் இல்லை.

அலை கொண்டுவந்து போட்டதையெல்லாம் இரண்டு நாள் பொறுக்கினோம். எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஃபாதர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்துப் பின் வரிசையில் அடக்கம் செய்தார். பதினொரு வீட்டுக்கும் ஒரே பெட்டி. ரெஜினாளுக்குக் கூட்டம் ஆகாது. பஸ்ஸில் உட்கார இடமில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். அந்தப் பெட்டிக்குள் அவள் ஏறினாளா, அடுத்ததற்கு நின்றுவிட்டாளா, தெரியாது.

ஷெர்லின் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். பெட்டி மேல் மண் போட்டாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

“நாந்தாம்ப்பா தாங்கும்னு சொன்னேன். நான் சொல்லலேன்னா அம்மைய மாத்தியிருப்பாங்க.”

சோறு குழைந்துவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

அவள் காலேஜுக்குப் போகவில்லை. மீன் வாங்கி வந்தேன். தொடவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

“கணக்குல எங்க தப்பு விட்டேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், கிடைக்க மாட்டேங்குது” என்றாள். காகிதம் பூராவும் எண். நான் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். அதையும் குடித்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாருக்குப் போன் செய்து ஆராய்ச்சியை விட்டுவிடுவதாகச் சொன்னாள். பதினொரு குடும்பத்தைக் கெடுத்த கணக்கை அச்சடித்து மார்க் வாங்க முடியாதாம். அது இல்லாவிட்டால் டிகிரி கிடையாது. “கிடைக்காட்டா வேண்டாம்ப்பா” என்றாள். மூன்று வருஷம் படித்தது. அடுத்த அறையிலிருந்து கேட்டேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பொத்தானை மூன்று முறை தைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். லேசாக முடித்துக்கொள்ளலாம் என்று மற்றதோடு சேர்த்து வேகமாகச் சொன்னேன். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், இரண்டு தரம் பூசைக்குப் பிந்தினேன், ஒரு குழாயை மாற்றி நட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“எந்தக் குழாய்?” என்றார் ஃபாதர்.

சொன்னேன். எல்லாவற்றையும். பத்து அடி, பிறகு எட்டு அடி.

“ஆண்டவர் மன்னிப்பார். ஆனா இத இங்க மட்டும் சொன்னா தீராது, கிளீட்டஸ். உம்ம பாவத்த உம்ம மக சுமந்துகிட்டு இருக்கா. நான் அவகிட்டச் சொல்ல முடியாது. இங்க கேட்டத எங்கயும் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நீர்தான் சொல்லணும்.”

செப்டம்பர் 21, ஞாயிறு

வேலைக்குக் கிளம்பும்போது இந்தப் புத்தகத்தை அவள் பக்கத்தில் வைக்கப் போகிறேன். “நீ எழுதச் சொன்ன நோட்டு மக்ளே. நான் ஒண்ணையும் அழிக்கல்ல” என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வராது. மேலே எழுதியதெல்லாம் அவள் படிப்பாள். இதையும் படிப்பாள். மக்ளே, நான் குழாயைக் காப்பாற்றத்தான் முதல் முறை நட்டேன். அது சத்தியம். இரண்டாம் முறை அப்படியில்லை.

செப்டம்பர் 24, புதன்

மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் எடுத்து வைத்தாள். கம்பெனியில் மூன்று மணி ரீடிங்கை மூன்று மணிக்கே எழுதினேன். என்னைப் பார்த்து ஹெல்ப்பர் பயந்துவிட்டான்.

இன்று காலையில் புத்தகத்தோடு முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“ஜூலை பதிமூணு. பத்து அடின்னு எழுதியிருக்கிய. காலால அளந்ததா, டேப்பால அளந்ததா?”

“டேப்பால.”

“ஆகஸ்ட் மூணு?”

“அதுவும் டேப்பு. எட்டு அடி.”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏமாத்துனதையும் அளந்துல்லாப்பா ஏமாத்தியிருக்கிய” என்றாள். குரல் உடைந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கிட்டே போனேன். விலகிக்கொண்டாள்.

பிறகு வெகுநேரம் காகிதத்தில் எழுதினாள். எல்லா எண்ணிலும் என்னுடைய பத்தையும் எட்டையும் கழித்தாள். ஆகஸ்ட் பத்தாம் தேதி, கூட்டத்தில் நாற்பத்திரண்டு என்று சொன்னோமே, அன்று ரெஜினாளுக்கும் கடலுக்கும் இடையில் இருந்தது இருபத்துநாலு அடி. மிக்கேல் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்.

“கணக்கு சரிதான்” என்றாள் மெதுவாக. “எனக்க கணக்குல தப்பில்ல.”

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம் கெட்டவன், நிம்மதியாகத்தான் இருந்தது.

“அத்தியாயத்த மாத்தி எழுதுவேன். பாறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. குழாய் ஏன் நகந்துதுன்னு உள்ளபடி எழுதுவேன். ஒங்க பேரு வரும்.”

“வரட்டும்.”

“அந்தப் பத்து வீட்டுக்கும் நீங்கதான் போய்ச் சொல்லணும்.”

செப்டம்பர் 28, ஞாயிறு

ஷெர்லின் நேற்று சென்னைக்குத் திரும்பினாள். இன்று பத்து வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் சாயா கொடுத்தார்கள், அதுதான் குடிக்க முடியவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மகனை அங்கே வைத்திருந்த லூர்து என் சட்டையைப் பிடித்தான். பிடித்தபடியே, “தெரிஞ்சிருந்தாலும் நான் தோண்ட விட்டிருப்பேனான்னு எனக்கே தெரியல்ல வே” என்று அழுதான். பொத்தான் தெறித்துவிட்டது. மூன்று முறை தைத்த அதே பொத்தான்.

மிக்கேலிடமும் சொன்னேன். “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றான். “பின்ன ஏன் வே சொல்லல்ல?” என்றேன். “சொன்னேனே. நீதான் சிரிக்க வச்சே.”

அக்டோபர் 5, ஞாயிறு

மறுபடி அளக்கிறேன். பழைய குழாய் நின்ற இடம் இப்போது தண்ணீர். கல்லறைத் தோட்டத்து வாசல் தூணிலிருந்து அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். தூண் சிமெண்டு. என்னால் பிடுங்க முடியாது என்பது அவளுக்கு நிம்மதி.

47 அடி. முழுப் போட்டோ அனுப்பினேன். தூண், டேப்பு, கடல், என் பெருவிரல்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஷெர்லின் வந்திருக்கிறாள். ஆராய்ச்சியைக் கொடுத்துவிட்டாள். அச்சடித்த புத்தகத்தில் என் பேர் இருக்கிற பக்கத்தைக் காட்டினாள். “அளவெடுத்தவர்: அ. கிளீட்டஸ், தந்தை.” அதன் கீழே குழாய் நகர்ந்த இரண்டு தேதியும், எத்தனை அடி என்பதும். ஏன் என்பதற்கு ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘அளவெடுத்தவரின் மனைவியின் கல்லறை அருகில் இருந்தது.’ சார் அந்த வரியை மட்டும் அடிக்கச் சொன்னாராம். இவள் அடிக்கவில்லை.

ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில். பின் வரிசையில் அந்த ஒற்றைப் பெட்டிக்கு மேல் பதினொரு வீட்டு மெழுகுவர்த்தியும் நெருக்கியடித்து எரிந்தது. நான் ஒன்றை அங்கே வைத்தேன். இன்னொன்றைக் கடல் விளிம்பில் மண்ணைக் குழித்து வைத்தேன், அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவளுக்கு. காற்று அணைத்தது. ஷெர்லின் வந்து கையால் மறைத்துப் பிடித்து மறுபடி பற்றவைத்தாள்.

பிறகு டேப்பை எடுத்தாள். “வாங்கப்பா.” அவள் தூணில் பிடித்தாள், நான் குப்பைக் கோட்டில் பிடித்தேன். 54.

“ஏழு அடி மண்ணு திரும்ப வந்திருக்கு” என்றாள். மண்ணை யார் கேட்டது என்று நினைத்தேன்.

“நம்ம பழைய குழாய்க் கணக்குல எவ்வளவு மக்ளே?”

“தூணுல இருந்து மொதல்ல நட்ட குழாய் எம்பத்தஞ்சு. அம்பத்துநாலுதான் இருக்கு. மைனஸ் முப்பத்தொண்ணு.”

“மைனஸ எப்படி எழுத?”

“எண்ணுக்கு முன்னால சின்னதா ஒரு கோடு போடுங்க.”

குரிசு இருந்தது மைனஸ் இருபத்தைந்தில். ஆக, ஆறு அடி உள்ளே. காலை நனைத்துக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றேன். அலை கணுக்கால் வரை வந்து போனது. ரெஜினாளிடம் எண்ணைச் சொன்னேன். கூட்டாமல் சொன்னேன்.

திரும்பி வந்தபோது ஷெர்லின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “ஜூலை பதிமூணுல இருந்து எங்கயும் கையெழுத்து இல்லியேப்பா” என்றாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். பேனாவை நீட்டினாள். எழுதினேன்.

காலை 8.10. −31 அடி. கிளீட்டஸ்.